ஏற்காடு மலையில் ஓடலாமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 7 வயது. டுஷேன் தசைச் சிதைவு நோய். அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, சேலத்திலிருந்து ஏற்காடு வரை மராத்தான் நடத்த நண்பர்கள் ஆசைப்படுகிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: மலையை விடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகள். அங்கே ஓடக்கூடியவர்கள் ஊரில் எத்தனை பேர்? பணம் வர வேண்டுமென்றால் அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் வரக்கூடிய 5 கிலோமீட்டர் ஓட்டம்தான் சரி. அதை ஊருக்குள்ளேயே, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். போலீஸ் அனுமதி, மாநகராட்சி, ஒரு ஆம்புலன்ஸ் எல்லாம் அப்போதும் வேண்டும்தான், ஆனால் அலைச்சல் பாதி.

அடுத்தது பணம். இந்த ஓட்டங்களில் கட்டணத்தை டி-ஷர்ட், மெடல், காலை டிபன் மூன்றுமே விழுங்கிவிடும், கடைசியில் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. அதனால் கட்டணம் செலவுக்கு, நன்கொடை தனியாக என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்களிடமோ சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்களிடமோ போனால் ரொக்கம் கேட்காமல் மெடலாகவோ டிபனாகவோ கேளுங்கள், சீக்கிரம் தலையாட்டுவார்கள். நன்கொடை நண்பரின் ஜிபே நம்பருக்கு வரவே கூடாது. நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுள்ள அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தசை நோய் என்றாலே நம் ஊரில் பலருக்கு அந்த 16 கோடி ரூபாய் ஊசிதான் ஞாபகம் வரும். அது முதுகுத்தண்டு நரம்பணுக்கள் அழிந்து தசை தேயும் வேறொரு நோய்க்கானது, அதற்குத் திரட்டியதும் சிகிச்சைப் பணம். உங்களுடையது ஆராய்ச்சிக்கு, ஒரு குழந்தையின் மருந்துக்கு அல்ல என்று நோட்டீஸிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் உங்கள் அக்காவிடம்தான் கேள்வி கேட்பார்கள்.

சில லட்சத்தில் மருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உருப்படியாக ஒரு வேலை நடக்கும். தசைக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு இருப்பதால்தான் இந்த நோய் வருகிறது. அந்த மரபணு மனித மரபணுக்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று, அதில் எக்ஸான் எனப்படும் 79 துண்டுகள். எந்த எக்ஸானில் கோளாறு என்பது பையனுக்குப் பையன் மாறும், புது மருந்துகளில் சில குறிப்பிட்ட சில கோளாறுகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே மரபணுப் பரிசோதனைக்கு வழியில்லாத பையன்களுக்கு அதைச் செய்து, ஆராய்ச்சியாளர்களின் பதிவேட்டில் சேர்க்கப் பணம் கொடுங்கள். எத்தனை பேருக்குச் செய்தோம் என்று அடுத்த வருடம் கணக்கும் காட்டலாம்.

கேள்வி: அக்கா மகன் இன்னும் நடக்கிறான். கடைசிக் கொஞ்ச தூரம் அவனையும் ஓட வைக்கலாமா? கூட்டம் உற்சாகமாகும் என்கிறார்கள்.
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். டிஸ்ட்ரோஃபின் இல்லாத தசை இழுபடும்போது அதன் உறை எளிதில் கிழியும், இறக்கத்தில் ஓடுவதும் படி இறங்குவதும் அதற்கு ரொம்பக் கெடுதல். கூட்டத்தின் உற்சாகத்துக்காக அவன் தசையைச் செலவழிக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் வர இஷ்டமா என்று அவனையே கேளுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். கொடி அசைக்க மந்திரியைத் தேடி அலைவதற்குப் பதில் அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தாலும் சரி. எதுவானாலும் அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.