பீரோவுக்குள் ஐம்பது வருஷம்: பழைய ஸ்காட்ச் பற்றிச் சில கேள்விகள்

தாத்தா 1974-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வாட் 69 பாட்டில், பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. இப்போது அது ஐம்பது வருஷ விஸ்கி ஆகிவிட்டதல்லவா?

ஆகவில்லை. விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் பீப்பாய்க்குள் மட்டும்தான். கண்ணாடிக்குள் இறங்கிய அன்றே அந்தக் கணக்கு முடிந்தது. மாவடு மாதிரி உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பாட்டிலைப் பூட்டி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஸ்காட்ச் என்ற பெயருக்குச் சட்டப்படி குறைந்தது 3 வருஷப் பீப்பாய் வாசம் வேண்டும். லேபிளில் 12 என்று போட்டிருந்தால், கலந்தவற்றிலேயே கடைக்குட்டிக்கு 12 என்று அர்த்தம். கூட இருப்பவை அதைவிட மூத்தவையாக இருக்கலாம்.

அதற்காகத் தாத்தாவின் பாட்டிலை அலட்சியப்படுத்திவிடாதீர்கள். ஐம்பது வயது விஸ்கிதான் இல்லையே தவிர, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய விஸ்கி அது. அன்று பல டிஸ்டில்லரிகளில் (விஸ்கி வடிக்கும் ஆலைகளில்) செப்புப் பாத்திரத்துக்கு அடியில் நேரடித் தீ எரிந்தது. ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் வந்திறங்கிய பீப்பாய்கள் தாராளமாகக் கிடைத்தன. 1980களில் அந்த வரத்து நின்றுபோனது. 1983-ல் மூடப்பட்ட போர்ட் எலன், பிரோரா டிஸ்டில்லரிகளில் வடித்து, இன்று ஏலத்தில் கொள்ளை விலை போகும் சரக்கெல்லாம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பிளெண்டட் விஸ்கிக்குள்தான், அதாவது மால்ட்டையும் (முளைவிட்ட பார்லியில் வடித்தது) கிரெய்னையும் (மற்ற தானியங்களும் சேர்த்து வடித்தது) கலந்த விஸ்கிக்குள்தான், போய்க் கலந்தது.

1960களின் பிளெண்டட் பாட்டில் ஒன்று கிடைத்திருக்கிறது. எப்படித் திறந்து, எப்படிச் சுவைப்பது?

அவசரப்படாமல். முதலில் வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பாருங்கள். கழுத்தில் இருக்க வேண்டியது தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி கசிந்திருக்கிறது. ஆல்கஹாலும் வாசனையும் கொஞ்சம் போயிருக்கும். தக்கை மூடியா? விஸ்கி பாட்டிலை ஒயின் போலப் படுக்கவைக்கக் கூடாது என்பதால் தக்கை காய்ந்து கிடக்கும். திறப்பதற்குச் சற்று முன் ஒரு நிமிஷம் சாய்த்து நனைத்துவிட்டு, மெதுவாகத் திருகி எடுங்கள். உடைந்தால் பதற்றம் வேண்டாம், காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டிக்கொள்ளலாம். கழுத்தைச் சுற்றியிருக்கும் பழைய உறை ஈயத் தகடாக இருக்க வாய்ப்புண்டு. அதை முழுதாக நீக்கி, பாட்டில் வாயை ஈரத்துணியால் துடைத்த பிறகே ஊற்றுங்கள்.

15 மில்லி போதும். வாய் குறுகிய சின்னக் கிளாஸ். ஊற்றியதும் குடித்துவிடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நண்பர் வீட்டில் அறுபதுகளின் பாட்டில் ஒன்றைத் திறந்தோம். முதல் மோப்பத்தில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. முதல் மடக்கில் நாக்கில் செப்புக்காசு வைத்த மாதிரி. கெட்டுப்போய்விட்டது என்று கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தால், அதே கிளாஸில் கருப்பட்டிப் பாகு, உலர்திராட்சை, அணைந்த விறகடுப்பின் புகை. நெடுங்காலம் அடைபட்டிருந்த பாட்டிலின் நெடி காற்றுப் பட்டதும் விலகிவிடுகிறது. எல்லாப் பாட்டிலிலும் விலகும் என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் அட்டைதான் என்றால் அது அட்டைதான்.

தண்ணீர் சொட்டுச் சொட்டாக. விஸ்கி கலக்கும் வல்லுநர்கள் சுமார் 20 சதவீத ஆல்கஹாலுக்கு நீர்க்கவைத்துத்தான் மோந்து பார்க்கிறார்கள். அவர்கள் வேலை நாக்கைவிட மூக்கில்தான் நடக்கிறது. ஆனால் பழைய சரக்கு சீக்கிரம் தளர்ந்துவிடும். பாதி அப்படியே, மீதிக்கு மட்டும் நீர் என்பது என் வழக்கம்.

பிளெண்டட் என்றாலே மட்டமா? நண்பர்கள் சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரியின் மால்ட்) தவிர எதையும் தொடுவதில்லை.

அவர்களுக்கு 2017-ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே ஒரு ஹோட்டலில் 1878 மெக்காலன் சிங்கிள் மால்ட் என்ற பாட்டிலிலிருந்து ஒரே ஒரு பெக்குக்குச் சீன எழுத்தாளர் ஒருவர் சுமார் 10,000 ஃபிராங்க் கொடுத்தார். தக்கையைப் பார்த்துச் சிலர் சந்தேகம் கிளப்ப, மாதிரி ஸ்காட்லாந்துக்குப் போனது. கார்பன் சோதனையில் அது 1970-72 வாக்கில் வடித்தது என்று தெரிந்தது. ஆய்வகம் இன்னொன்றும் சொன்னது: ஏறக்குறைய 60 சதவீதம் மால்ட், 40 சதவீதம் கிரெய்ன். அதாவது, பிளெண்டட்! ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஒரு பெக்கின் ருசியில் யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா என்பதுதான் என் கேள்வி.

அண்டார்டிகா பனியில் நூறு வருஷ விஸ்கி கிடைத்ததாமே, நிஜமா?

நிஜம். 1907-ல் தென் துருவத்தை நோக்கிக் கிளம்பிய ஷாக்கிள்டனின் பயணக் குழு, அண்டார்டிகாவின் கேப் ராய்ட்ஸில் தங்கிய குடிசைக்கு அடியில் விட்டுப்போன மெக்கின்லே விஸ்கிப் பெட்டிகளை 2010-ல் பனியிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். கிரெய்ன் கலக்காத மால்ட் அது. அப்போது அந்த பிராண்டு இருந்தது வைட் அண்ட் மெக்கே நிறுவனத்திடம். அதன் முதலாளி நம்ம விஜய் மல்லையா! மூன்று பாட்டில்கள் ஸ்காட்லாந்துக்குப் பறந்தன. தக்கை வழியாக ஊசி செலுத்தி மாதிரி எடுத்தார்கள். 47.3 சதவீத ஆல்கஹால் வலு அப்படியே இருந்தது, புகை வாசனை எதிர்பார்த்ததைவிட மென்மை. இப்போது உங்கள் சென்னை மொட்டைமாடி அறைப் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். குளிரும் இருட்டும் காப்பாற்றும். மே மாத வெயில் தக்கையைச் சுருக்கி எல்லாவற்றையும் வெளியே விடும்.

லேபிளில் வருஷம் இல்லை. காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிட்டன் சந்தைப் பாட்டிலில் அளவு திரவ அவுன்ஸிலும், வலு '70 புரூஃப்' என்றும் இருந்தால் பெரும்பாலும் 1980க்கு முந்தையது (அந்த 70 நம் கணக்கில் 40 சதவீதம்). 75 சென்டிலிட்டர் (750 மில்லி) என்றால் எண்பதுகள். ஆனால் இந்தியாவுக்கு இன்றும் 750 மில்லிதான் வருகிறது, ஏமாந்துவிடாதீர்கள். அரண்மனைக்குச் சப்ளை செய்ததாகச் சொல்லும் வரியில் 'மறைந்த மன்னர் ஆறாம் ஜார்ஜ்' என்று அச்சாகியிருந்தால், அவர் இறந்த 1952க்குப் பிந்தையது.

40 வருஷ பிளெண்டட், 21 வருஷத்தைவிட இரண்டு மடங்கு நன்றாக இருக்குமா?

விலை இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அதற்குக் காரணம் ஆவியாதல். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து காற்றில் போகிறது. பெங்களூருவில் அதுவே 10-ஐத் தாண்டும் என்பதால், அங்கே நாற்பது வருஷம் வைத்தால் பீப்பாய்தான் மிஞ்சும். வலு 40-க்குக் கீழே இறங்கினால் ஸ்காட்ச் என்ற பெயரும் போய்விடும். ரொம்ப நாள் கிடந்தால் மரமே மேலோங்கிக் கடுக்காய் போலத் துவர்க்கும். எனக்கு இருபதுகளில் உள்ளவையே பிடிக்கும்.

சோடா?

தாத்தாவின் பாட்டிலுக்கா? முதல் கிளாஸுக்கு வேண்டாம். இரண்டாவதுக்கு, தாத்தா எப்படிக் குடித்திருப்பாரோ அப்படி.