அறிவியல் கேள்வி – பதில்: இலேசர் துடிப்பில் நனோ மென்படலம்

கேள்வி: வெற்றிடக் குழாய்க்குள், துடிப்புத் துடிப்பாக ஒளிவிடும் என்டி-யாக் இலேசரால் நாக ஒட்சைட்டு வில்லையை (தூளை அழுத்திச் சுட்ட தட்டு) அடித்து, அதிலிருந்து ஆவியாகும் பொருளைக் கண்ணாடியில் படலமாகப் படியவைத்தோம். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் 1, 2 மைக்ரோமீற்றர் உருண்டைகள் தெரிகின்றன. நனோ அமைப்பு என்று அறிக்கையில் எழுதலாமா? (பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி)

பதில்: எழுத வேண்டாம். அவை வில்லை உருகித் தெறித்த துளிகள். ஆவியாகி வந்து படிந்தவை அல்ல.

முதலில் அலைநீளத்தைப் பாருங்கள். என்டி-யாக் இலேசரின் இயல்பான 1064 நனோமீற்றர் ஒளியை நாக ஒட்சைட்டு மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்ளாது. ஒளி உள்ளே போய், அடிப்பகுதி கொதித்து, மேலே உள்ளதை உடைத்துத் தள்ளும். மூன்றாம் இசையமான (அலைநீளம் மூன்றிலொன்றான) 355 நனோமீற்றரில் ஒரு போட்டனின் சக்தி ஏறத்தாழ 3.5 இலத்திரன்வோல்ற்று, நாக ஒட்சைட்டின் பட்டை இடைவெளியோ (ஒளியை உறிஞ்சத் தேவையான மிகக் குறைந்த சக்தி) 3.3 அளவு. ஆகவே மெல்லிய மேற்படையே ஆவியாகும். 266 நனோமீற்றர் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது வில்லையின் அடர்த்தி. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் கோட்டைவிடும் இடம் இதுதான். தூளுடன் பிணைப்பாகப் பொலிவைனைல் அற்ககோல் கரைசல் சில துளிகள் சேர்த்து அரைத்து, 20 மில்லிமீற்றர் அச்சில் 5 தொன் அளவில் அழுத்துங்கள். 500 பாகையில் 2 மணி நேரம் வைத்துப் பிணைப்பை எரித்தபின், நிமிடத்துக்கு 3 பாகை வீதம் 1100 பாகைக்கு ஏற்றி 6 மணி நேரம் சுடுங்கள். அவசரமாக ஏற்றினால் வில்லை வெடிக்கும். ஆறியதும் எடையையும் விட்டத்தையும் தடிப்பையும் அளந்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். முழு அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 5.6 கிராம், 5 கிராமுக்குக் குறைந்தால் அதைக் குழாய்க்குள் வைக்காமல் திரும்பச் சுடுங்கள்.

கடைசியாகச் சக்திச் செறிவு, அதாவது ஒரு துடிப்பில் சதுர சென்ரிமீற்றருக்கு விழும் சக்தி. வில்லை இருக்கும் இடத்தில், கடைப் பற்றுச்சீட்டு அச்சடிக்கும் வெப்பத்தாளை வைத்து ஒரேயொரு துடிப்பு அடியுங்கள். இரண்டாவது அடித்தால் தழும்பு பெருத்துவிடும். தழும்பு 2.5 சதுர மில்லிமீற்றர், துடிப்பு 50 மில்லியூல் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 2 யூல். அது போதும். 5 யூலுக்கு மேல் போனால் துளிகள் மழையாகக் கொட்டும். இலேசர் குழாய்க்குள் நுழையும் யன்னல் கண்ணாடியில் படலம் பிடித்திருந்தால் உள்ளே போகும் சக்தி குறையும். அதையும் துடைத்துவிட்டே அளக்க வேண்டும்.

வில்லையைச் சுழற்றாமல் ஒரே இடத்தில் அடித்தால் பள்ளம் விழும், வில்லையிலிருந்து எழும் ஒளிரும் ஆவியான புகைச்சுடர் இலேசர் வரும் பக்கம் சாயும். ஒவ்வொரு தடவையும் 600 இலக்க அரத்தாளால் தேய்த்து, கண்ணாடிக்கு முன்னுள்ள மறைப்பை மூடியபடி 500 துடிப்பு அடித்தபின் படியவைக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: கஷ்டப்பட்டு வெற்றிடமாக்கிவிட்டு, பிறகு ஏன் ஒட்சிசனை உள்ளே விடுகிறார்கள்? (ஆசிரியர், சாவகச்சேரி)

பதில்: வெற்றிடமாக்குவது நீராவியையும் அழுக்கையும் வெளியேற்ற. ஒட்சிசன் விடுவது படலத்தின் உருவத்தைத் தீர்மானிக்க. வளிமூலக்கூறு ஒன்று மோதாமல் ஓடும் தூரம் 10⁻⁶ மில்லிபார் அமுக்கத்தில் ஏறத்தாழ 66 மீற்றர், 0.1 மில்லிபாரில் 0.7 மில்லிமீற்றர்கூட இல்லை. வில்லைக்கும் கண்ணாடிக்கும் இடையே 50 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தில் அணுக்கள் செக்கனுக்குக் கிலோமீற்றர் கணக்கான வேகத்தில் நேரே வந்து அடித்து, இறுக்கமான படலத்தைத் தரும். ஆனால் ஒட்சிசன் குறைந்திருக்கும். வளி இருந்தால் மோதி மோதி வேகம் தணிந்து, வழியிலேயே கொத்துகளாகித் திரண்டு, மெதுவாக வந்து உட்காரும். 0.1 மில்லிபாரை ஒட்டித் தூண் தூணாகவும், 1 மில்லிபாரை நெருங்கும்போது பூக்கோவா போலவும் வளர்வது வழக்கம். சுடரின் நுனி கண்ணாடியைச் சற்றே தொடும்படி தூரத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

அமுக்கத்தைக் கூட்டினால் நுண்துளைகள் கூடும், பிடிமானம் குறையும். விரலால் தொட்டால் மாவாக ஒட்டி வருகிறதா? 400 பாகையில் ஒரு மணி நேரம் வளியில் சூடாக்குங்கள். அப்போதும் உதிர்ந்தால் அமுக்கத்தைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: இது புதிய முறையா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: இல்லை. 1965 இல் ரூபி இலேசரால் செய்துபார்த்தார்கள். 1987 இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் வெங்கடேசன் குழுவினர் உயர்வெப்பநிலை மீகடத்திப் (மின்தடையின்றிக் கடத்தும் பொருள்) படலத்தை இம்முறையில் வளர்த்த பிறகே பரவியது. பல மூலகங்கள் கலந்த பொருளின் விகிதம் பெரிதும் மாறாமல் படலத்துக்கு வருவதே காரணம்.

கேள்வி: வேலை நடக்கும்போது மின்சாரம் நின்றால்? (மாணவர், கொக்குவில்)

பதில்: உடனே பம்பிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள வாயிலை மூடுங்கள், இல்லாவிட்டால் சுழல்பம்பியின் எண்ணெய் உள்ளே ஏறும். வெப்பத்தட்டு 100 பாகைக்குக் கீழே வரும்வரை திறக்காதீர்கள். திறக்கும்போது எங்கள் ஈரக்காற்றை விடாமல் உலர் நைதரசனை விடுங்கள். நீராவி சுவரில் ஒட்டிக்கொண்டால், மறுநாள் வெற்றிடம் இறங்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.