சிறந்த அணி உரிமையாளர் யார்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன் சேர்த்துவிட்டதால், இணையத்தில் நடக்கும், ஆட்டங்களைக் கணினியே ஆடி முடிக்கும் பேஸ்போல் சிமியுலேஷன் லீக் ஒன்றில் நானும் இங்குள்ள மூன்று நண்பர்களும் ஆளுக்கோர் அணி வைத்திருக்கிறோம். ‘அவுட் ஒஃப் த பார்க்’ என்ற கணினி விளையாட்டில் நடத்தப்படும் அந்த லீக்கில் 16 அணிகள். அணிக்கு 162 ஆட்டங்கள். சீசன் முடிவில் சிறந்த அணி உரிமையாளரை வாக்களித்துத் தெரிவுசெய்வது வழக்கம். இம்முறை மூவரின் பெயர்கள் பேசப்படுகின்றன. முதலாமவர் 98 வெற்றிகளுடன் கிண்ணத்தையும் வென்றவர். அதற்காகத் தம்மிடமிருந்த இளம் வீரர்களையும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்று ட்ராஃப்ட் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்தல்) உரிமைகளையும் மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாமவர், முன்னைய உரிமையாளர் கைவிட்டுப் போன அணியை ஏற்று, 57 வெற்றிகளில் கிடந்ததை 80க்கு உயர்த்தியவர். மூன்றாமவர் ஐந்து சீசன்களாகச் சராசரியாக 92 ஆட்டங்களை வென்றிருக்கிறார். கிண்ணம் ஒருமுறையும் கிடைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பவர் அவரே. கிண்ணம் வென்றவரை விட்டு வேறொருவருக்கு வாக்களிப்பது நியாயமாகாது என்கிறார்கள் என் நண்பர்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: என் வாக்கு மூன்றாமவருக்கு. இரண்டாமிடத்தை இரண்டாமவருக்கும் மூன்றாமிடத்தைக் கிண்ணம் வென்றவருக்கும் தருவேன். உங்கள் நண்பர்கள் இதை ஏற்பது கடினம் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிண்ணம் வெல்லாதவருக்கு இத்தகைய விருதைக் கொடுப்பது அமெரிக்க பேஸ்போலில் புதுமையன்று. ‘த ஸ்போர்ட்டிங் நியூஸ்’ பத்திரிகை ஆண்டின் சிறந்த நிர்வாகி விருதை 1936இல் தொடங்கியபோது அதை முதன்முதலாகப் பெற்றவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி. அந்த ஆண்டு, அவ்வணி ஆடிய நெஷனல் லீக்கில் முதலிடம் பெற்றது நியூயோர்க் ஜயண்ட்ஸ், கார்டினல்ஸ் அல்ல. அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை பேஸ்போல் அமைப்பான மேஜர் லீக் தன் பெயரிலேயே அதே வகை விருதொன்றை 2018இல் தொடங்கியபோது அது ஓக்லண்ட் அணியின் பில்லி பீனுக்குப் போனது. முந்தைய ஆண்டு 75 ஆட்டங்களை மட்டும் வென்றிருந்த ஓக்லண்ட், குறைந்த சம்பளச் செலவிலேயே அந்த ஆண்டு 97 ஆட்டங்களை வென்றது. இறுதிச் சுற்றுகளிலோ முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கிண்ணத் தொடரை வென்ற பொஸ்டன் அணிக்குக் கிண்ணம் இருந்தது. நிர்வாகத் திறமைக்கான விருது வேறோர் அளவுகோலால் அளந்து வேறோர் இடத்துக்குக் கொடுக்கப்பட்டது.

அப்படி அளக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், இறுதிச் சுற்றுகள் குறுகியவை என்பதே. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்வதற்கு 55 வீத வாய்ப்புள்ள வலுவான அணிகூட, ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரை வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 61 வீதந்தான். அப்படிப்பட்ட மூன்று தொடர்களை அடுத்தடுத்து வென்றால்தான் கிண்ணம் என்றால், வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. 2001இல் 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில் அணி வேர்ல்ட் சீரிஸை எட்டவே இல்லை. 2006இல் 83 ஆட்டங்களை மட்டும் வென்ற செயின்ட் லூயிஸ் கிண்ணத்தைத் தூக்கியது. கணினிக்குள் நடக்கும் ஆட்டமும் இதற்கு விலக்கல்ல. வீரர்களின் திறன் மதிப்பெண்களை வைத்துச் சீட்டுக் குலுக்குவது போன்ற ஒரு கணக்கையே மென்பொருளும் செய்கிறது.

இனி மூன்றாமவரின் ஐந்து சீசன்களைப் பாருங்கள். சரிபாதித் திறமையுள்ள ஓர் அணி 162 ஆட்டங்களில் 81ஐ வெல்ல வேண்டும்; ஆனால் வெறும் தற்செயலாலேயே அந்த எண்ணிக்கை ஆறு வெற்றிகள் மேலோ கீழோ நகர்வது சாதாரணம். ஆகவே ஒரே சீசனில் 75 வென்றவரும் 87 வென்றவரும் திறமையில் ஒருவருக்கொருவர் சளைக்காதவர்களாக இருக்கக்கூடும். ஐந்து சீசன்களில் நிலைமை வேறு. 810 ஆட்டங்களில் சாதாரண அணி 405ஐ வெல்லும். தற்செயல் அதை ஏறத்தாழ 14 மட்டுமே அசைக்கும். உங்கள் மூன்றாமவர் வென்றிருப்பதோ 460. இதை அதிர்ஷ்டம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. மூவரில் திறமை ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானவர் இவர் ஒருவரே. அதனால்தான் என் முதல் வாக்கு இவருக்கு.

இரண்டாமவரின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால், அவர் எதைப் பெற்றுக்கொண்டார் என்பதைப் பார்த்த பிறகே எவ்வளவு செய்தார் என்பதைச் சொல்ல முடியும். கைவிடப்பட்ட அணிகளில் பெரும்பாலும் முதன்மை அணி சீரழிந்திருக்கும். இளம் வீரர்களைப் பயிற்றுவிக்கும் அதன் கீழ்நிலை அணிகளிலோ, தொடர்ந்து கடைசி இடங்களில் வந்ததால் ட்ராஃப்டில் முதலில் தெரிவுசெய்யப்பட்ட நல்ல இளைஞர்கள் குவிந்திருப்பார்கள். அவர்கள் தேர்ச்சி பெற்று முதன்மை அணிக்கு மேலேறும் ஆண்டில் யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவருக்குப் பெயர் கிடைத்துவிடும். மேலும், 57 வெற்றிகள் பெற்ற அணிக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டமும் கைகொடுத்திருக்காது. அப்படிப்பட்ட அணி ஒன்றும் செய்யாமலேயே அடுத்த ஆண்டு ஓரளவு எழும்பும். நீங்கள் வாக்களிக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: அவர் பொறுப்பேற்ற நாளில் இருந்த வீரர் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முக்கியமான வீரர்களில் எத்தனை பேரை அவரே கொண்டுவந்தார் என்று பாருங்கள். பெரும்பாலோர் அவர் கொண்டுவந்தவர்களே என்றால் என் வரிசையை மாற்றி அவரை முதலில் போட்டாலும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

முதலாமவர் விதிகளுக்குள் நின்றே வென்றார்; 98 வெற்றிகள் பெரிய சாதனைதான். இளம் வீரர்களைக் கொடுத்து அனுபவசாலிகளை வாங்குவதும் நேர்மையான உத்தியே. ஆயினும் நம் மாவட்டங்களில் குத்தகை முடியப்போகும் கடைசிப் போகத்தில் வயலின் வளத்தை வழித்தெடுத்துக்கொண்டு போகிறவரை நல்ல கமக்காரன் என்று ஊர் சொல்வதில்லை. அவர் அடுத்த சீசனிலும் இருந்து அந்தக் கடனை அடைத்தால் மதிப்பு உயரும். இல்லாவிட்டால், ட்ராஃப்ட் உரிமையும் இளைஞர்களும் இல்லாத அந்த அணியை ஏற்க ஒருவரைத் தேடி, லீக்கை நடத்தும் ஆணையாளர் அலைய வேண்டியிருக்கும்.

இங்கேதான் மூன்றாமவர் புதியவர்களுக்கு உதவுவதும் கணக்கில் வருகிறது. உங்கள் லீக்கில் சம்பளம் பெறுபவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் அணிக்கான மாற்றங்களைக் குறித்த நேரத்துக்குள் கோப்பாக அனுப்பினால்தான் ஆணையாளர் அடுத்த வார ஆட்டங்களை ஓட்ட முடியும். ரொறன்ரோவில் இரவு பத்து மணி கெடு என்றால் நமக்கு அது காலை 7.30, நவம்பர் தொடக்கத்தில் அங்கே மணிக்கூட்டைப் பின்தள்ளிய பிறகு 8.30. மாரி மழையில் மின்சாரம் நின்று நின்று வரும் நாட்களிலும், முதல்நாளே பந்தெறிபவர்களின் வரிசையைச் சரிசெய்து அனுப்பிவிடும் ஒருவரால்தான் மற்றப் பதினைந்து பேரின் பொழுதுபோக்கும் தடங்கலின்றி நடக்கிறது. புதிதாக வந்தவர் ஒன்றும் விளங்காமல் இரண்டு மாதத்தில் விலகிப்போகாமல் பார்த்துக்கொள்வதும் அதே பணிதான். எனினும் நன்னடத்தையை மட்டும் வைத்துச் சிறந்த உரிமையாளரைத் தெரிவுசெய்யச் சொல்லமாட்டேன். திறமையில் ஏறத்தாழ ஒத்தவர்களிடையே அது தீர்மானிக்கலாம்.

கேள்வி: கடந்த சீசனில் எனது அணி 90 ஆட்டங்களை வென்றது. அது முழுக்க அதிர்ஷ்டம் என்று மற்ற உரிமையாளர்கள் சொல்லி, சிறந்த உரிமையாளருக்கான பட்டியலில் என் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஓர் அணியின் வெற்றிகளில் அதிர்ஷ்டத்தின் பங்கை அறிய வழி உண்டா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உண்டு, கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானே போதும். பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர ஆய்வாளர் வகுத்த முறை அது. உங்கள் அணி சீசன் முழுவதும் எடுத்த ஓட்டங்களை வர்க்கப்படுத்துங்கள். எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் வர்க்கப்படுத்துங்கள். முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி வென்றிருக்க வேண்டிய ஆட்டங்களின் விகிதம் கிடைக்கும். அதை 162ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கத்தக்க வெற்றிகளின் எண்ணிக்கை. வர்க்கத்துக்குப் பதிலாக 1.83 என்ற அடுக்கைப் பயன்படுத்துவோரும் உண்டு. விடையில் பெரிய வேறுபாடு வராது.

எடுத்துக்காட்டாக, 2016இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி 95 ஆட்டங்களை வென்றது. எடுத்த ஓட்டங்கள் 765, கொடுத்தவை 757. மேற்சொன்ன கணக்குப்படி அந்த அணிக்கு 82 வெற்றிகளே உரியவை. மீதி 13 எங்கிருந்து வந்தன? ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த 47 ஆட்டங்களில் அது 36ஐ வென்றிருந்தது. இறுதிச் சுற்றில் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அதை மூன்று ஆட்டங்களிலும் தோற்கடித்தது. அடுத்த ஆண்டு அதன் வெற்றிகள் 78ஆகக் குறைந்தன. நெருக்கமான ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்வது பெரும்பாலும் ஆண்டுதோறும் நிலைக்காது. கடைசி இன்னிங்ஸ்களில் பந்தெறிய மிகச் சிறந்தவர்களை வைத்திருக்கும் அணிக்கு இதில் சிறிதளவு சலுகை தரலாம். 13 வெற்றிகளுக்கு அது போதாது.

உங்கள் கணக்கில் 87 அல்லது அதற்கு மேல் வந்தால், பட்டியலில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று தாராளமாக வாதிடலாம். 80க்கு அண்மையில் வந்தால் நண்பர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அப்போதும் மனம் தளர வேண்டாம். அடுத்த சீசனுக்கு முன் உங்கள் அணியை உண்மையாகவே திருத்த வேண்டும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே அறிந்துகொண்டீர்கள். 90 வெற்றிகளை நம்பி ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும் உரிமையாளர்தான் அடுத்த சீசனில் ஏமாறுகிறார்.

கேள்வி: எங்கள் லீக்கில் ஆளுக்கு ஒரு வாக்கு, கிண்ணம் முடிவான பிறகே வாக்களிக்கிறோம். சிலர் தமக்கே வாக்களித்துக்கொள்கிறார்கள். ஊர் நண்பர்கள் சேர்ந்து ஒருவரையே தெரிவுசெய்வதாகவும் குற்றச்சாட்டு இருக்கிறது. எப்படிச் சீர்செய்வது?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: முதலில் வாக்களிக்கும் நாளை மாற்றுங்கள். அமெரிக்க பேஸ்போல் எழுத்தாளர் சங்கம் தன் ஆண்டு விருதுகளுக்கான வாக்குகளை இறுதிச் சுற்றுகள் ஆரம்பிக்கும் முன்பே பெற்றுக்கொள்கிறது; முடிவு மட்டுமே பின்னர் அறிவிக்கப்படுகிறது. நீங்களும் 162ஆவது ஆட்டம் முடிந்த அன்றே வாக்குகளை ஆணையாளரிடம் ஒப்படைத்துவிட்டால், கிண்ணத்தின் பளபளப்பு எவருடைய தீர்ப்பையும் மாற்றாது.

அடுத்து, ஒரு பெயருக்குப் பதிலாக மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். களத்தில் அணியை வழிநடத்துபவருக்கு அதே சங்கம் 1983 முதல் வழங்கிவரும் சிறந்த மனேஜர் விருதில் முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 எனப் புள்ளிகள் கொடுக்கப்படுகின்றன. விருப்பு வாக்கு நமக்குப் புதிதல்ல. 2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிய நிலை முதன்முறையாக வந்ததை எல்லோரும் பார்த்தோம். உங்கள் லீக்கில் நான்கு நண்பர்கள் ஒருவரையே முதலில் எழுதினாலும், மற்றவர்கள் எவரும் அவரை இரண்டாம் மூன்றாம் இடங்களிலும் குறிப்பிடாவிட்டால் அவர் பெறுவது 20 புள்ளிகள் மட்டுமே. பரவலாக மதிக்கப்படும் ஒருவர் அதை எளிதில் தாண்டிவிடுவார்.

தமக்குத் தாமே வாக்களிப்பதை விதியாகவே தடைசெய்யுங்கள். முதலிடத்தில் எவரை எழுதினாலும் அதற்கான காரணத்தை இரண்டு வரிகளில் எழுதச் சொல்வதும் நல்லது. பெயருக்குக் கீழே காரணம் எழுத வேண்டும் என்றவுடன், நட்புக்காகப் போடும் வாக்குகள் தாமாகவே குறையும்.

கேள்வி: வீரர் தெரிவையும் அன்றாட வரிசையையும் முழுக்கக் கணினியிடமே விட்டுவிட்டு முதலிடம் பெற்ற ஒருவர் சிறந்த உரிமையாளர் ஆவாரா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: அன்றாட வரிசையைக் கணினியிடம் விடுவதில் குறையில்லை; வேலை, பரீட்சை என்று நேரமில்லாதோர் பலரும் அவ்வாறே செய்கிறார்கள். எவரை வாங்குவது, எவரை விடுவது, ட்ராஃப்டில் எவரைத் தெரிவுசெய்வது, சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது ஆகிய நான்கும் அவருடைய தீர்மானங்களாக இருந்தால் அவருக்கு வாக்களியுங்கள். அந்த நான்கையும் கணினியே செய்திருந்தால், அவர் அந்த சீசனில் எடுத்த தீர்மானம் என்று மதிப்பிட எதுவுமே இருக்காது. மூன்று பெயர்கள் எழுதும் பட்டியலில் கடைசி இடத்துக்குக்கூட அவரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.