குருத்வாரா தேதி கொடுத்துவிட்டு மறுத்தால்

நீங்கள் சீக்கியப் பெண்ணை மணக்கவிருக்கும் சீக்கியரல்லாத மாப்பிள்ளை; லண்டன் சவுத்தால் குருத்வாரா (சீக்கியர் கோயில்) தேதி கொடுத்துவிட்டு மறுத்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் கல்யாணம் நின்றுபோகாது. சட்டப்படியான திருமணத்தை உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்ளலாம். சிக்கல் லாவான் சுற்றுவதில், அதாவது சீக்கியர்களின் புனித நூலை நான்கு முறை வலம்வரும் சடங்கில் மட்டும்தான்.

தேதி கொடுத்த சவுத்தால் கமிட்டி பின்வாங்கியதற்கு, நீங்கள் சீக்கியர் இல்லை என்பதே காரணமாக இருக்கும். லாவான் சுற்றி நடக்கும் சீக்கியத் திருமணமான ஆனந்த் காரஜ் சீக்கியர்களுக்குள் மட்டுமே என்கிறது சீக்கிய நடத்தை விதிநூலான ரெஹத் மர்யாதா. முன்பு பல கமிட்டிகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு எதிர்ப்பு வலுத்தது. 2016 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகர குருத்வாராவில் இப்படியொரு திருமணத்தை எதிர்த்துப் புகுந்தவர்களில் 55 பேர் கைதானார்கள். அந்தப் பயம் கமிட்டிக்காரர்களுக்கு இன்னும் போகவில்லை.

நேரில் போய் இதை மட்டும் கேளுங்கள்: லாவான் மட்டும் கூடாதா, அர்தாஸ் (பிரார்த்தனை), கீர்த்தன் (பக்திப் பாடல்), லங்கர் (பொதுப் பந்தி) எதுவுமே கூடாதா? என் தோழிக்கு அப்படித்தான் வழி பிறந்தது. பதிவு முடிந்ததும் கீர்த்தன் கேட்டு, இரு வீட்டாரும் தரையில் அமர்ந்து தால் சாப்பிட்டோம். அவள் பாட்டி கண் கலங்கி, மாப்பிள்ளையின் தலையில் நழுவிய ருமாலை (தலைத்துணியை) கட்டிவிட்டார்.

ஒவ்வொரு குருத்வாராவுக்கும் தனிக் கமிட்டி. ஓரிடத்தில் சரி என்றது இன்னோரிடத்தில் நடக்காமல் போகலாம். சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். குருத்வாரா படிவத்துக்காக மட்டும் பெயருக்குப் பின்னால் 'சிங்' சேர்க்காதீர்கள், அது மணப்பெண் வீட்டாரைத்தான் புண்படுத்தும்.