ஆயிரம் பேரைக் கேட்டு ஊரின் நிலையைச் சொல்ல முடியுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் தங்கள் மகள் புள்ளியியல் படிக்க விரும்புவதாகவும், ஆயிரம் பேரைக் கேட்டுக் கோடிப் பேரைப் பற்றிச் சொல்லும் படிப்பை எப்படி நம்புவது என்று தாங்கள் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஐயம் மிக நியாயமானது. அதற்கு விடை தேடுவதுதான் அப்படிப்பின் பெரும்பகுதி.

எவர் தேர்வாவார் என்பதைக் குலுக்கல் முறைக்கு விட்டு ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால், கிடைக்கும் விழுக்காடு உண்மை நிலையிலிருந்து பெரும்பாலும் 3 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் விலகாது; மொத்த மக்கள்தொகை பத்து இலட்சமானாலும் பத்துக் கோடியானாலும் இந்த அளவு அநேகமாக மாறுவதில்லை. இந்த விலகலைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்குப் பேரைக் கேட்க வேண்டும்.

ஆனால் தேர்வு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டால் எத்தனை பேரைக் கேட்டும் பயனில்லை. 1936-இல் அமெரிக்க இதழொன்று ஏறத்தாழ 24 இலட்சம் பேரின் பதிலைப் பெற்றும், அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று தவறாகக் கணித்தது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதும், விருப்பமுள்ளோர் மட்டுமே பதில் அனுப்பியதும் அதற்குக் காரணங்கள்.

நம் கடற்கரையிலும் இதைக் காணலாம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், எல்லாப் படகுகளையும் எண்ணாமல், மீன் இறங்குதளங்களையும் நாள்களையும் முறைப்படி தேர்ந்தெடுத்தே நாட்டின் கடல் மீன்பிடி அளவை மதிப்பிடுகிறது. இராமேசுவரத்தின் விசைப்படகுகளை மட்டும் பார்த்து எழுதினால் தங்களைப் போன்ற வள்ளக்காரர்களின் பிடிப்பு விடுபடும். படகு உரிமையாளர்களை மட்டும் கேட்டால் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்களின் வருமானம் எந்தக் கணக்கிலும் வராது. இந்த விடுபடலை உணரும் கண் தங்கள் மகளுக்கு இயல்பாகவே இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரி விளம்பரங்களில் வரும் வேலைவாய்ப்பு விழுக்காட்டையும் இவ்வாறே பாருங்கள்: படித்து முடித்த அனைவரிலும் கணக்கிட்டார்களா, தாமே முன்வந்து பதில் தெரிவித்தவர்களில் மட்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்தவர்கள், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். 1931-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிசு நிறுவிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் இளநிலைப் படிப்பில் நுழைவுத் தேர்வு வழியே சேரலாம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். எனவே மகளின் பாடப்பிரிவில் கணிதம் உள்ளதா என்பதை முதலில் எனக்குத் தெரிவியுங்கள்.