அரச சட்டத்தரணி அலுவலகத்தில் உதவியாளர் வேலை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள்

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களும், புதிதாகச் சேர்ந்து திணறுகிறவர்களும் கேட்டவற்றில் சிலதை எடுத்திருக்கிறேன். ஒரே விசயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ்தானே வழக்கை நடத்துகிறது? அப்ப அரச சட்டத்தரணியின் ஆட்களுக்கு என்ன வேலை? (வாழைச்சேனை)

சின்னக் குற்றங்களுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் கொலை, பாலியல் வன்புணர்வு, பெரிய அளவில் பிடிபட்ட போதைப்பொருள் என்று வந்தால் நீதவானிடம் பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் கொடுக்கும் அறிக்கை) போவதும் சந்தேகநபர் விளக்கமறியலுக்குப் போவதும் வெறும் தொடக்கம்தான். பொலிஸ் குறிப்புகள், வாக்குமூலங்கள், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை எல்லாம் கொழும்பு புதுக்கடையில் இருக்கிற சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும், அங்கே பார்த்துத்தான் மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப்பகிர்வுப் பத்திரம் (குற்றச்சாட்டுகளை எழுதிய பத்திரம்) வரும். வழக்கை நெறிப்படுத்துவது அரச சட்டத்தரணி. அவர் எழுந்து நிற்கும்போது கையில் இருக்கிற கோவை (வழக்கு ஃபைல்) ஒழுங்காக இருக்கிறதா, எந்த அறிக்கை இன்னும் வரவில்லை, எந்தச் சாட்சிக்கு அழைப்பாணை போய்ச் சேரவில்லை என்று பார்ப்பது உதவியாளர். முக்கால்வாசி நேரம் இல்லாத ஒரு கடதாசியைத் தேடி போன் எடுப்பதில்தான் போகும், அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் அந்தக் கடதாசி வரும் வரைக்கும் விளக்கமறியலில் ஒருவர் இருக்கிறார், வீட்டில் ஒரு குடும்பம் நீதிக்குக் காத்திருக்கிறது.

சட்டப் பட்டம் வேண்டுமா? (கல்முனை)

வேண்டாம். நிரந்தர எழுதுவினைஞர் பதவிகளுக்குப் பெரும்பாலும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் போட்டிப் பரீட்சை வழியாகத்தான் வருகிறார்கள், ஆகவே வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையை (1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்) வேலைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தால் போதும். சிங்களத்தை மட்டும் இன்றைக்கே தொடங்குங்கள்.

ஏன் எல்லாரும் சிங்களம், மொழிபெயர்ப்பு என்றே சொல்கிறார்கள்? எங்கட நீதிமன்றத்தில் தமிழ்தானே? (களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி)

நீதிமன்ற மொழி தமிழ்தான். ஆனால் கோவை பயணம் போகிறது, மகள். பொலிஸ் குறிப்பு சிங்களத்தில் இருக்கும், சாட்சியின் வாக்குமூலம் தமிழில் இருக்கும், கொழும்பில் வாசிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், திரும்பி வரும்போது இன்னொரு மொழிபெயர்ப்பு. இந்தப் போக்குவரத்தில்தான் வழக்குகள் பழுதாகின்றன.

ஒரு வாக்குமூலத்தை யோசித்துப் பாருங்கள். படுவான்கரையில் ஒரு அம்மா "மறுகா அவன் வளவுக்குள்ள வந்தவன்" என்கிறார். நமக்கு மறுகா என்றால் பிறகு, அவ்வளவுதான். வெளியூர்க்காரர் ஒருவர் அதை மீண்டும் வந்தான் என்று பெயர்த்துவிட்டால்? எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் "அப்படியென்றால் முதல் தரம் எப்ப வந்தவர்?" என்று கேட்பார், அந்த அம்மா விழிப்பார், உண்மையைச் சொன்ன மனுசி பொய் சொன்னவர் மாதிரி நிற்பார். வளவும் அப்படித்தான். அதை வீடு என்று எழுதிவிட்டால் காணிக்குள் அத்துமீறியதும் வீட்டுக்குள் அத்துமீறியதும் ஒன்றாகிவிடும், தண்டனைச் சட்டக்கோவையில் இரண்டும் வேறு வேறு குற்றம். செக்கல் நேரம் (பொழுது சாயும் நேரம்) என்பதை இரவு என்று போட்டால், முகம் தெரிகிற வெளிச்சம் இருந்ததா என்ற கேள்வியே மாறிப்போகும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செய்யவே கூடாததும் ஒன்று இருக்கிறது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், பிசகு தெரிந்தால் தனித்தாளில் பக்க இலக்கத்தோடு எழுதி அரச சட்டத்தரணியிடம் கொடுங்கள். வாக்குமூலத்திலோ மொழிபெயர்ப்பிலோ பேனாவை வைக்கக் கூடாது, எழுத்துப் பிழையாக இருந்தாலும் கூடாது.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரே ஆள் ஒரு தாளில் முகம்மது, இன்னொன்றில் முஹம்மட், மூன்றாவதில் முதலெழுத்து மட்டும். அடையாள அட்டை இலக்கத்தை வைத்து ஒத்துப் பாருங்கள், பழைய இலக்கத்தில் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு எண் என்பதால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம், அதனால் குழம்பி இரண்டு ஆட்களாக்கிவிடாதீர்கள்.

சொந்தக்காரர் போன் எடுத்து "அந்தக் கேஸ் எந்த நிலையில் இருக்கு, சும்மா பார்த்துச் சொல்லு" என்கிறார்கள். மாமா கேட்டால் எப்படி மறுப்பது? (ஏறாவூர்ப் பக்கம்)

இந்த வேலையில் இதைவிடக் கஷ்டமானது எதுவும் இல்லை. நமது ஊர்களில் எதிரியும் தெரிந்தவர், இறந்தவரும் தெரிந்தவர், சாட்சி உங்கள் சின்னம்மாவின் பக்கத்து வீடு. மாமா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்படியும் நீங்கள் சொன்ன ஒரு வரி அன்றைக்கு இரவே எதிரியின் வீட்டுக்குப் போய்விடும், அதில் ஒரு சாட்சியின் பெயர் இருந்தால் அந்த மனிதனின் கதி என்ன? நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: "மாமா, தவணைத் திகதி பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள், மிச்சத்தை உங்கட சட்டத்தரணியிடம் கேளுங்க." கோபிப்பார்கள். கலியாண வீட்டில் முகத்தைத் திருப்புவார்கள். தாங்கத்தான் வேண்டும்.

கோவையில் உங்கள் உறவினரின் பெயரையே கண்டால் அன்றைக்கே அரச சட்டத்தரணியிடம் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, அந்தக் கோவையை வேறொருவர் பார்க்கும்படி கேளுங்கள். பிறகு சொல்லலாம் என்று தள்ளினால், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

வாகரையிலிருந்து சாட்சி சொல்ல வந்த ஒரு ஐயா, வழக்கு வேறு தவணைக்குப் போனதும் அழுதுவிட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. விடிய முதல் பஸ் பிடித்து, ஒருநாள் கூலியை விட்டு வந்தவர் அவர். முதலில் ஒரு கதிரையும் தண்ணீரும். அடுத்த திகதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள், ஏன் தள்ளிப்போனது என்பதை அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள், சாட்சிக்கான பயணப்படியை எங்கே கேட்பது என்று காட்டிவிடுங்கள். எதிரியின் ஆட்கள் நிற்கிற விறாந்தையில் அவரைத் தனியே விடாதீர்கள். யாராவது மிரட்டியதாகச் சொன்னால் உடனே அரச சட்டத்தரணியிடம் கூட்டிப் போங்கள். சாட்சியைப் பயமுறுத்துவதே தனிக் குற்றம், 2015இல் இதற்கென்று சட்டம் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம்.

ஆனால் பாவம் பார்த்து "இப்படிச் சொல்லுங்க ஐயா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சாட்சியத்தைப் பற்றி அவரோடு பேசுவது அரச சட்டத்தரணியின் வேலை.

வீட்டில் இருந்து வேலை பார்க்க, கோவையைப் போனில் படம் பிடித்து வட்சப்பில் அனுப்பலாமா?

கூடாது. பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிடுவதே தண்டனைச் சட்டக்கோவையின் 365 சி பிரிவின்படி குற்றம், போனில் இருக்கிற படம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் நாளைக் காலையில் அரச சட்டத்தரணியிடம் நீங்களாகவே போய்ச் சொல்லிவிடுங்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்பதையும் சேர்த்து.