நீச்சல் தெரியாத கணவரை ராஃப்டிங் கூட்டிப்போகலாமா?

கேள்வி: வரும் கோடை விடுமுறைக்கு நானும் என் கணவரும் ஆற்றோர முகாம் ஒன்றில் ஒரு வாரம் தங்கப்போகிறோம். காலையில் தூண்டில் மீன்பிடிப்பு, மதியம் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் வேகமாக ஓடும் ஆற்றில் போவது) என்று எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். எனக்கு ஓரளவு நீச்சல் தெரியும். கணவருக்குச் சுத்தமாகத் தெரியாது, எடையும் 108 கிலோ. "மூன்றாம் கிரேடுதான், லைஃப் ஜாக்கெட் தருவார்கள், நீச்சலே தேவையில்லை" என்கிறார் பதிவு செய்து தரும் ஏஜென்ட். முன்பணம் கட்ட 4 நாள்தான் இருக்கிறது. நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அந்த ஏஜென்ட் சொல்லும் காரணங்களை நம்பிப் போக வேண்டாம்.

நீச்சல் தெரியாதவர்களை ஆண்டுக்கணக்கில் ராஃப்டில் ஏற்றி இறக்கியவன் நான். குளத்தில் பத்து சுற்று நீந்துகிறவர்கூட ஆற்றில் விழுந்த முதல் நிமிடத்தில் கற்றதை எல்லாம் மறந்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு நிற்பார். அதனால் உங்கள் கணவருக்கு நீச்சல் தெரியாதது எனக்குப் பெரிய கவலையாகப் படவில்லை. அவர் விழுந்தால் யார், எதை வைத்து, எவ்வளவு நேரத்தில் தூக்கி எடுப்பார்கள்? அதுதான் கவலை. அதற்கு ஏஜென்டிடம் பதில் இருக்காது. பெரும்பாலும் அவர் அந்த ஆற்றையே பார்த்திருக்க மாட்டார்.

முதலில் இந்த கிரேடு சமாசாரம். ஆறுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது வழக்கம். 1 என்றால் மெல்ல ஓடும் நீர், 6 என்றால் உயிரைப் பணயம் வைக்கும் இடம். 3 என்றால் ஒழுங்கில்லாத நடுத்தர அலைகள், படகைத் திருப்பிச் செலுத்தத் தெரிந்த ஆள் கட்டாயம் வேண்டும். கவனியுங்கள், இது படகு ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கான கணக்கு. விழுந்தவர் கதி என்ன என்பதை அது முழுதாகச் சொல்லாது. நியூசிலாந்தில் கைட்டுனா ஆற்றில் 7 மீட்டர் உயர அருவியிலேயே சுற்றுலாப் பயணிகளோடு ராஃப்டை இறக்குகிறார்கள். அது கிரேடு 5. ஆனால் அருவிக்குக் கீழே மடு, அதாவது ஓட்டம் அடங்கிய ஆழமான நீர், இருக்கிறது. கவிழ்ந்தாலும் அங்கே வைத்துப் பொறுக்கி எடுத்துவிடலாம். அதே சமயம், நடுவில் மடுவே இல்லாமல் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு ஓடும் கிரேடு 3 ஆறும் உண்டு. என்னைக் கேட்டால், நீச்சல் தெரியாதவருக்கு அந்த நீளமான மூன்றுதான் அதிக ஆபத்து.

இன்னொன்று, எந்த அளவுகோல் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பகுதியில் பழைய வழக்கப்படி 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். அங்கே சொல்லும் 3 வேறு, நீங்கள் நினைக்கும் 3 வேறு. போதாக்குறைக்கு, ஆற்றின் தரம் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். விளம்பரத் தாளில் அச்சடித்த 3, பனி உருகி வெள்ளம் வரும் வாரத்தில் 4 ஆகிவிடலாம். தாள் மாறாது.

அடுத்தது எடை. "108 கிலோவை ஜாக்கெட் தாங்குமா" என்ற பயம் பலருக்கும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். மனித உடல் தண்ணீரில் தானாகவே ஏறக்குறைய மிதக்கும். தலை வெளியே நிற்பதற்குப் பெரியவர் ஒருவருக்குக் கூடுதலாக 3 முதல் 5 கிலோ தூக்குதிறன் இருந்தாலே போதும். கரையில் 108 கிலோவாக இருப்பவர் தண்ணீருக்குள் 108 கிலோவாக இருப்பதில்லை. அதனால் பார்க்க வேண்டியது மார்புச் சுற்றளவை. உங்கள் கணவரின் அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து முன்கூட்டியே அனுப்பி, அந்த அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பெரிய அளவு இல்லாத இடங்களில், கிளிப்பை மாட்டாமல் "சும்மா போட்டுக்கோங்க சார்" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போட்ட ஜாக்கெட் விழுந்த நொடியில் தலை வழியே கழன்று தனியாக மிதந்து போகும்.

நுரை பொங்கும் நீரில் காற்று கலந்திருப்பதால் மிதப்பு குறையும். படகுச் சவாரிக்கான சாதாரண மெல்லிய ஜாக்கெட்டின் தூக்குதிறன் 5 கிலோ அளவில்தான் இருக்கும். அது நீந்தத் தெரிந்தவர்களை நினைத்துச் செய்தது. ராஃப்டிங்குக்கென்று ஏறத்தாழ 10 கிலோ வரை தூக்கும் ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. கணவருக்கு அதைக் கேளுங்கள். காற்று நிரப்பும் வகையை நீட்டினால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள், பாறையில் உரசினால் அவ்வளவுதான். எல்லா வார்களையும் இறுக்கிய பிறகு நீங்களே அவருக்குப் பின்னால் நின்று, தோள்பட்டையில் பிடித்து ஜாக்கெட்டை மேலே இழுத்துப் பாருங்கள். மோவாயைத் தாண்டி ஏறினால் அது அவருடைய ஜாக்கெட் இல்லை. கைடு ஒருமுறை இழுத்துப் பார்த்தாலும் நீங்களும் பாருங்கள். மனைவி இழுக்கிற இழுப்பே தனி.

சரி, இப்போது ஏஜென்டுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. கைடாக வேண்டுமானால் பயிற்சி, முதலுதவிச் சான்று, ஆற்றிலேயே இறக்கி வைக்கும் தேர்வு என்று பல கட்டம் இருக்கிறது. சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பு அதற்கென்றே சான்று தருகிறது. ஆனால் யார் எந்த ஆற்றில் இறங்கலாம் என்று முதலில் முடிவு செய்கிற டிக்கெட் விற்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு போனும் நான்கு படங்களும் இருந்தால் போதும். ஏதாவது ஆகிவிட்டால் "நான் பதிவு மட்டும்தான் செய்து கொடுத்தேன்" என்பார். படகுக்காரர் "எங்களுக்கு வந்த விவரத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்பார். புகார் கொடுக்கப் போனால் ஆறு ஒரு துறை, சுற்றுலா ஒரு துறை, படகு இன்னொரு துறை. நடந்து நடந்து செருப்புதான் தேயும்.

"எங்களுக்கு வந்த விவரம்" என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை எனக்கு வந்த பயணிகள் பட்டியலில் பதினொரு பேருக்கும் "நீச்சல் தெரியுமா" என்ற இடத்தில் "ஆம்" என்று இருந்தது. "மருத்துவப் பிரச்சினை" என்ற இடத்தில் எல்லாருக்கும் "இல்லை". கரையில் நிற்கவைத்துக் கேட்டேன். நான்கு பேருக்கு நீச்சல் தெரியாது, ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் முதுகில் அறுவை சிகிச்சை. அத்தனையையும் ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு நிரப்பி அனுப்பியிருக்கிறார். இப்படிப் பொய்யான படிவத்தில் உங்கள் பெயர் இருந்தால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்து விரிக்கும் காகிதமே அதுதான். அதனால் படிவத்தைக் கேட்டு வாங்கி நீங்களே நிரப்புங்கள். காப்பீட்டிலும் ராஃப்டிங் எந்த கிரேடு வரை அடங்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். "பயணக் காப்பீடு இருக்கிறது" என்ற ஒற்றை வாக்கியத்தில் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

4 நாள் கெடுவும் அதே வித்தைதான். ஆறு எங்கும் ஓடிப்போகாது. முன்பணம் கட்டுவதற்கு முன் படகு நடத்துகிறவரிடமே பேச வேண்டும் என்று சொல்லுங்கள். படகு நடத்துகிறவரின் பெயரை ஏஜென்ட் சொல்ல மறுத்தாலோ, "அன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள்" என்றாலோ விட்டுவிடுங்கள். படகு நடத்துகிறவர் பேசக் கிடைத்தால் இதைக் கேளுங்கள்: எந்த நீர்மட்டத்துக்கு மேல் போனால் பயணத்தை ரத்து செய்வீர்கள்? நல்ல கைடு யோசிக்காமல் ஓர் அளவைச் சொல்வார், எங்கே பார்த்து அளக்கிறார் என்றும் சொல்வார். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வந்தால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம், கூட இன்னொரு ராஃப்டோ பாதுகாப்புக் கயாக்கோ (ஒருவர் ஓட்டும் குறுகிய சிறு படகு) வருகிறதா என்று கேளுங்கள். தனி ராஃப்ட் ஒன்றே ஒன்று போனால், அது கவிழ்ந்தபின் காப்பாற்ற வேண்டியவர்களும் தண்ணீரில்தான் இருப்பார்கள். நீச்சல் தெரியாதவர் அந்தப் படகில் ஏறக்கூடாது. இதில் பேரம் கிடையாது.

விழுந்தால் என்ன செய்வது என்று கிளம்புமுன் கரையில் வைத்துச் சொல்லித்தருவார்கள். சுருக்கம் இதுதான்: மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, பாதங்களைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு மிதக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. முழங்காலுக்கு மேல் ஆழம் இருந்தால், பாதம் பாறை இடுக்கில் சிக்கி, ஓட்டம் ஆளை முன்னால் மடக்கிவிடும். ஜாக்கெட் போட்டிருந்தாலும் தலை தண்ணீருக்குள் போய்விடும். கயிறு வீசினால் கயிற்றைப் பிடித்துத் தோள்மேல் போட்டுக்கொண்டு மல்லாந்தே இருக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

இந்த "கால் முன்னால்" விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அவசரத்தில் பல கைடுகள் அதைச் சொல்லாமல் விடுகிறார்கள், நான் விட மாட்டேன். ஆற்றில் மரம் விழுந்து கிடக்கும். கிளைகளுக்கு இடையே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது, சல்லடையில் சிக்கின மாதிரி. ஆற்றுக்காரர்கள் இதை ஸ்ட்ரெய்னர் என்பார்கள். அதை நோக்கி இழுத்துப் போகும்போது கால் முன்னால் இருந்தால், கால் கிளைக்கு அடியில் நுழைந்துவிடும், பின்னாலேயே உடம்பும். அங்கே மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும்: முதலில் பக்கவாட்டில் விலகிப்போக முழு பலத்தோடு கையடிக்க வேண்டும். முடியவில்லை, மோதத்தான் போகிறோம் என்று தெரிந்ததும் குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்கும்படி மரத்தை நோக்கியே வேகமாகக் கையடித்து, தொட்ட கணத்தில் மார்பை அதன்மேல் தூக்கிப்போட்டு ஏறிவிட வேண்டும். மதில் ஏறிக் குதிக்கிற சிறுவன் மாதிரி. பாறைக்கு இது பொருந்தாது. பாறைக்குக் கால்தான், மரத்துக்குத்தான் மார்பு. உங்கள் கணவருக்கு இது சொன்னால் மட்டும் ஏறாது. அறையில் கட்டிலை மரமாக வைத்து நான்கு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

கோடைதானே, தண்ணீர் இதமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பனி உருகி வரும் ஆறு வெயில் காலத்தில்தான் பெருகும், நீர் பல்லைக் கிட்டவைக்கும். கனடாவின் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு ஒன்று இருக்கிறது: 1, 10, 1. உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தால், மூச்சுத்திணறல் அடங்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். எனவே முதல் நிமிடம் மூச்சைச் சீராக்குவது மட்டுமே வேலை, கத்த வேண்டாம். குளிர்ந்த ஆறாக இருந்தால் வெட்சூட் (உடம்போடு ஒட்டிக் குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை) கேளுங்கள். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டாம்.

உங்கள் பேக்கேஜில் நேரமும் இடிக்கிறது. பகலில் உருகும் பனிநீர் பல ஆறுகளில் பிற்பகலில்தான் வந்து சேர்ந்து மட்டத்தை ஏற்றும். அணைக்குக் கீழே உள்ள ஆறாக இருந்தால் திறக்கும் நேரம்தான் சட்டம். மதியம் ராஃப்டிங் என்று வைத்தது ஆற்றுக்காகவா, ஏஜென்டின் வண்டி வசதிக்காகவா என்று கைடிடம் கேளுங்கள். காலையில் ராஃப்டிங்கும் பொழுது சாயும்போது தூண்டிலும் என்று மாற்றிக் கேட்டால் மீனுக்கும் நல்லதுதான்.

மீன்பிடிப்பில் பெரிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை. உரிமம் தேவைப்படும் இடங்களில் பொதுவாகத் தூண்டிலைப் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். "பேக்கேஜில் எல்லாம் அடக்கம்" என்றால் உங்கள் இருவர் பெயரிலும் உள்ள தாளைக் காட்டச் சொல்லுங்கள். பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டிய இடமாக இருந்தால் கொண்டி (பின்னோக்கி நீட்டிய சிறு கூர்முனை) இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்துங்கள், மீனுக்கும் உங்கள் விரலுக்கும் அது சௌகரியம். மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டி ஆற்றில் இறக்கினால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். அதில் தண்ணீர் புகுந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்பது கதை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. ஆனால் அதோடு கரையேற முடியாது, அது கதை இல்லை. அந்த உடையோடு மட்டும் ராஃப்டில் ஏறிவிடாதீர்கள். இடி கேட்டால் கார்பன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுப் புதர்ப்பக்கம் ஒதுங்குங்கள், தனி மரத்தடி வேண்டாம்.

மற்றபடி துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை ஒருபோதும் விடாதீர்கள். ராஃப்டில் நான் பார்த்த அடிகளில் பாதி, பக்கத்தில் இருப்பவரின் கைப்பிடி பல்லில் பட்டதுதான். கணவன் மனைவியைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தால் இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கணவர் கண்ணாடி போடுபவராக இருந்தால் பின்னால் கட்டும் நாடா ஒன்று வாங்குங்கள். ஆற்றடியில் கிடக்கும் கண்ணாடிகளை எடுத்தால் ஒரு கடையே வைக்கலாம்.